பட்டியலில் இல்லாத படகோட்டி

ஒட்டோச்னா ஏரியின் நடுவில் ஒரு தீவு. தீவில் இடிந்த கோட்டை. கோட்டையின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில்தான் கோட்டைப் பிரபுவின் மகள், போருக்குப் போன காதலனை எதிர்பார்த்து நாற்பது வருடம் நின்றாளாம்.

நேஷா ரெஸ்மன் இந்தக் கதையை ஜெர்மன், இத்தாலியன், ஹங்கேரியன், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, பத்து வருடம் சொன்னாள். துடுப்பு போடும் தாளத்துக்கு ஏற்பக் கதையை வெட்டி வைத்திருந்தாள். கரையை விட்டதும் காதல், பாதி ஏரியில் போர், படித்துறை தெரியும்போது ஜன்னல். எட்டு நாளில் ஐந்து நாடு பார்த்துவிடக் கிளம்பி வந்த கூட்டம், சரியாக அந்த இடத்தில் போனைத் தூக்கும். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

யாராவது, "இதெல்லாம் நிஜமா?" என்று கேட்டுவிட்டால் அவளுக்குக் குஷி பிறந்துவிடும்.

"இல்லைங்க. இது உப்பு வண்டிங்களுக்கு வரி வாங்கக் கட்டின கோட்டை. நீங்க படம் எடுத்தீங்களே, அது ஜன்னலே இல்லை. கக்கூஸ் ஓட்டை."

படகே குலுங்கும்படி சிரிப்பார்கள். வேண்டுமானால் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் கோட்டையின் வரைபடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்பாள். எதையும் பார்த்துவிட்டு நம்ப வேண்டும் என்று பேசுகிறவள்தான் அவள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்காமல் நம்பினாள். அந்த ஒன்றில்தான் அவள் வாழ்க்கை இருந்தது.

ஒட்டோச்னா படகுத்துறையில் நினைத்தவர் நினைத்தபடி படகு விட முடியாது. இருபத்திரண்டு வீடுகளுக்குத்தான் உரிமை. என்றோ ஒரு மகாராணி கொடுத்தது என்கிறார்கள். துறையில் ஒரு பலகை. அதில் இருபத்திரண்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வீட்டின் பெயர் செதுக்கிய மரச்சில்லு. சில்லு தொங்கும் வரிசைப்படிதான் படகு கிளம்பும். கூவி ஆள் பிடிக்கக்கூடாது, முந்தக்கூடாது. பருவம் ஏப்ரலில் தொடங்கும். தொடங்கிய பிறகு தொடர்ந்து மூன்று நாள், அன்றைய முதல் முறைக்கு ஒரு வீட்டுப் படகு கிளம்பாவிட்டால் சில்லு இறங்கிவிடும். அந்த உரிமை ஏற்கெனவே காத்திருக்கிற வேறு வீட்டுக்குப் போய்விடும். ஓட்டுவது அந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும். மகன் என்றைக்கும் வீட்டு ஆள். மகள், கல்யாணம் ஆகும்வரை. தாலி இல்லாத தேசத்திலும் கட்டிக்கொண்ட மறுநாள் பெண் அடுத்த வீட்டுச் சொத்துதான்.

நேஷாவுக்கு முப்பத்தொரு வயதாக இருந்தபோது அண்ணன் வின்கோவுக்கு முதுகு போனது. பருவம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, படகைக் கரையிலிருந்து தள்ளுகையில் முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவிவிட்டது. அவன் மகன் தீலன் அப்போது ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்துக் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வர முடியாது என்று போனை வைத்துவிட்டான்.

வின்கோ படுக்கையில் கிடந்தபடி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சின்னவளே, நீதான் ஓட்டணும்."

"மத்யாஷுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். ஜூன்ல கல்யாணம்."

"கொஞ்சம் தள்ளிப் போடு. தொடர்ந்து பத்துப் பருவம் ஒரே ஆள் ஓட்டினா அந்த ஆள் பேரே நிலைச்சிடும். அப்புறம் நீ யாரைக் கட்டினாலும் அந்த உரிமை உன்னோடது. பத்து முடியட்டும், நானே எழுந்து நின்னு உன் பேரைச் சொல்றேன். இந்தத் துறையில முதல் பொம்பளைப் பேர் உன்னோடதா இருக்கும்."

மத்யாஷ் தபால்காரன். விஷயத்தைக் கேட்டுத் தபால் பையைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு, "பத்து வருஷமா? நான் தபால்ல இருக்கேன். லேட்டா வர்றது எங்களுக்குப் பழக்கம்தான்" என்றான்.

அவள் ஓட்டினாள். படகின் பின்முனையில் நின்றபடி, இரண்டு துடுப்புகளையும் நெஞ்சோடு சேர்த்துத் தள்ள வேண்டும். இருபது பேர் பாரம். முதல் மாதம் உள்ளங்கைத் தோல் கழன்று துணியோடு வந்தது. பதினொரு மணிக்கு மலைப்பக்கமிருந்து இறங்கும் காற்றைப் படித்துக்கொண்டாள். நான்காம் பருவத்தில் ஒரு புயலில், துறைத் தலைவர் லோய்ஸேயின் படகு துடுப்பு முறிந்து பாறைப்பக்கம் போனது. அதில் பதினெட்டு ஸ்பெயின்காரர்கள். மற்ற படகுகள் கரையேறிவிட்டன. அவள் மட்டும் திரும்பிப் போய், கயிறு வீசி, இரண்டு படகுப் பாரத்தையும் ஒருத்தியாக இழுத்து வந்தாள். அன்று லோய்ஸே எல்லோர் முன்னிலையிலும் அவள் கையை முத்தமிட்டார்.

வருடா வருடம் நவம்பரில், புது ஒயின் திறக்கும் மார்ட்டின் திருநாள் அன்று படகோட்டிகளின் விருந்து நடக்கும். வீட்டுத் தலைவன் அந்தப் பருவம் ஓட்டியது யார் என்று ஒரு சீட்டில் எழுதி லோய்ஸேயிடம் தருவான். பெயர் நிலைத்தவர்களுக்கும் அவர்கள் மகன்களுக்கும்தான் மேஜையில் இடம். ஆகவே நேஷா ஒன்பது நவம்பரிலும் அடுப்படியில் நின்று வாத்து வறுத்தாள். சீட்டை ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை. காட்டு என்று கேட்டால் வீட்டுத் தலைவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். அந்தத் துறையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கோட்டையின் வரைபடத்தைத் தேடிக் காப்பகம் வரை போனவள், சொந்த அண்ணன் எழுதிய நான்கு விரல் அகலச் சீட்டைக் கேட்கவில்லை.

பத்தாம் பருவம் முடிந்தது. அந்த நவம்பரில் அவள் ஏப்ரன் கட்டவில்லை. நீலச் சட்டை போட்டுக்கொண்டு வின்கோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரில் தீலன். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்துவிட்டார்களாம், விருந்துக்கு வந்திருந்தான். அத்தையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தட்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

வாத்தும் சிவப்பு முட்டைகோஸும் வந்தன. லோய்ஸே எழுந்து கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"ரெஸ்மன் வீடு. இதுவரைக்கும் வின்கோ. அடுத்த பருவத்திலேருந்து தீலன்."

நேஷா சிரித்தேவிட்டாள். "லோய்ஸே மாமா, இன்னும் பாட்டில் பாதிகூட காலியாகலை. அதுக்குள்ள தப்பாப் படிக்கிறீங்களே."

"தப்பில்லேம்மா."

"ஓட்டினது நான்."

"சீட்டுல பத்து வருஷமும் வின்கோன்னுதான் இருக்கு." அவர் பத்துச் சீட்டுகளையும் மேஜையில் பரப்பினார். அண்ணனின் கையெழுத்து. முதல் சீட்டு, அவன் படுக்கையிலிருந்து எழவே முடியாத வருடத்தது. எழுத்து கோணலாக இருந்தது. ஆக, முதுகு வலியோடு மல்லாந்து படுத்திருக்கும்போதே எழுதியிருக்கிறான். அவளுக்கு வாக்குக் கொடுத்த அதே வருடம்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று மேஜை முழுவதையும் பார்த்தாள்.

"சரி, காகிதத்தை விடுங்க. இத்தனை பேர் இருக்கீங்க. எல்லாரும் என்கூட வரிசையில நின்னவங்க. பத்து வருஷம் ரெஸ்மன் படகை யார் ஓட்டினாங்க? ஒருத்தர் சொல்லுங்க. ஒரே ஒருத்தர்."

யாரோ முள்கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் கோப்பைக்குள் பார்த்தார். இன்னொருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். லோய்ஸே சீட்டுகளை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதுதான் கொடுமை. அவள் தந்த கயிற்றைப் பிடித்து உயிர் பிழைத்தவர் அங்கே இருந்தார். அவளிடம் காற்றைக் கேட்டுவிட்டுப் படகு எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மகள் இருந்தாள். இன்று நேஷா என்று வாயைத் திறந்தால் நாளை அவளும் வந்து நாற்காலி கேட்பாள். வழக்கம் என்பது கடவுள் போட்டதல்ல. இந்த மாதிரி நல்ல மனிதர்கள் ஒன்றுகூடி, ஒரே நேரத்தில் தங்கள் தட்டைப் பார்ப்பதுதான் வழக்கம்.

வின்கோ அவள் சட்டைக் கையை இழுத்தான். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம், சின்னவளே. உட்காரு. வாத்து ஆறிடும்."

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குக் குரல் வந்துவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும்? அவனுக்கு வேலை போயிடுச்சு. நீ நாளைக்கு அந்தத் தபால்காரனைக் கட்டிட்டுப் போனா எங்கப்பன் தாத்தன் சில்லு அவன் வீட்டுக்குப் போகும். தீலன் பேர் ரெஸ்மன். உனக்கு அப்புறம் யாரு இருக்கா? புள்ளையா, குட்டியா?"

"எனக்குப் புள்ளை ஏன் இல்லேன்னு உனக்குத் தெரியாதா வின்கோ?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேலை போனது இந்த வருஷம். சீட்டு எழுதினது பத்து வருஷத்துக்கு முன்னாடி. முதல் வருஷமே எழுதிட்டியே. ஒரு வருஷமாவது, மறதியாவாவது, என் பேரை எழுதக் கை வரலையா?"

"உனக்குச் சோறு போடலையா? மாடி ரூம் குடுக்கலையா?"

அவள் மாடிக்குப் போய், இரண்டு பெட்டியும் தன் இரண்டு துடுப்பும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். படகும் சில்லும் வீட்டுடையவை. துடுப்பு அவரவர் உயரத்துக்கு வெட்டுவது, அது ஓட்டுகிறவருக்கே சொந்தம். மத்யாஷின் இரண்டறை வீட்டில் துடுப்பு நிற்க இடமில்லை. கட்டிலுக்கடியில் படுக்க வைத்தார்கள். இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மத்யாஷ் குளிர்காலம் முழுக்க அதில் தடுக்கி விழுந்தான். ஒருமுறைகூட எடுத்துவிடச் சொல்லவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பருவம் தொடங்கியது. பேருந்துகள் வந்தன. தீலன் தாத்தாவின் பழைய துடுப்போடு பின்முனையில் ஏறினான். பாதி ஏரி வரை போனான். பதினொரு மணிக் காற்று இறங்கியது. படகு தட்டாமாலை சுற்றி, எட்டு ஹங்கேரியர்களோடு நாணல் காட்டுக்குள் போய் நின்றது. சுற்றுலா மோட்டார் படகு போய் இழுத்து வந்தது. அன்று சாயங்காலமே தீலன் கையில் துணிக்கட்டோடு கிராட்ஸ் பேருந்தில் ஏறிவிட்டான்.

முதல் நாள் பாதி வழியில் திரும்பியதால் கணக்கில் சேராது என்று உரிமைக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் படகே எடுக்கவில்லை. அன்று மத்தியானம் வின்கோவும் லோய்ஸேயும் மத்யாஷ் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வின்கோ கையில் வால்நட் ரொட்டி இருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக் குடு" என்றான். "ஒரே ஒரு தடவை தீவுக்குப் போய்ட்டு வந்தாப் போதும். நாளைக்கு விட்டா சில்லு இறங்கிடும்."

"பத்து வருஷம் ஓட்டினவன் நீதானே? பட்டியல்ல இருக்கே. ஏறி ஓட்டு."

"என் முதுகு..."

"முதுகு போனவன் பத்து வருஷம் ஓட்டினான்னு லோய்ஸே மாமா சீட்டு வச்சிருக்கார். அவரைக் கேளு, நீ எப்படி ஓட்டினேன்னு சொல்லித் தருவார்."

லோய்ஸே தொப்பியைக் கையில் உருட்டினார். "நேஷா, கோபம் நியாயம்தான். அன்னிக்கு நான் பேசியிருக்கணும். ஆனா சில்லு உங்கப்பன் வீட்டுது. அதை நினைச்சாவது..."

"நாளைக்கு நீங்க பேசுவீங்களா? துறையில எல்லார் முன்னாடியும், பத்து வருஷம் ஓட்டினது இவதான், பேரை மாத்துங்கன்னு?"

அவர் வின்கோவைப் பார்த்தார். வின்கோ ரொட்டியைப் பார்த்தான்.

அவள் அந்தப் பதிலுக்காக நின்றாள். உண்மையாகவே நின்றாள். அவர் ஆமாம் என்றிருந்தால், அந்த ஒரு சொல்லுக்கு அப்போதே கட்டிலுக்கடியிலிருந்து துடுப்பை இழுத்திருப்பாள்.

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்மா" என்றார் லோய்ஸே.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பதிவு ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம். ஜனவரியிலேயே நாள் குறிச்சாச்சு. பத்தே காலுக்கு நான் ரெஸ்மன் வீட்டு ஆளே இல்லை. உங்க வழக்கம்தான், நான் போட்டதில்லை."

"ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடக்கூடாதா?" வின்கோ கேட்டான்.

"பத்து வருஷம் தள்ளிப் போட்டாச்சு."

கதவைச் சாத்தினாள். ரொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் பெண் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள். "தொழில்?"

"படகோட்டி."

அந்தப் பெண் ஊர்க்காரி. தட்டச்சை நிறுத்தினாள். "அக்கா, அது... துறையில பேர் பதிவு இருந்தாத்தானே..."

மத்யாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நேஷா அவனைத் தடுத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் திருப்பி வைத்தாள். எழுத்தர் பெண் அவற்றைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். "பேர் பதிவு இல்லாம எழுதினா மேல கேள்வி வரும்க்கா" என்று மெல்லச் சொன்னாள். 'வேலை இல்லை' என்று தட்டினாள்.

நேஷா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே ஏரி தெரிந்தது. மூன்றாம் நாளும் ரெஸ்மன் படகு தன் முறைக்குக் கிளம்பவில்லை. தூரத்தில் துறைப் பலகையின் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே தொங்கிய சில்லு அது. அது இறங்கும்போதும் அவள் பெயர் எங்கேயும் ஏறியிருக்கவில்லை.

பேருந்திலிருந்து இறங்கிய ஒரு ஜெர்மானிய அம்மாள், தீவைக் காட்டி நேஷாவிடம் கேட்டாள். "ஒரு பொண்ணு நாற்பது வருஷம் காத்திருந்த ஜன்னல் அதுதானே?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவளுக்குச் சிரிப்பு வரும்.

"அது கக்கூஸ் ஓட்டைங்க" என்றாள். "காத்திருந்தவளுக்கு ஜன்னல் எல்லாம் யாரும் கட்டித் தரமாட்டாங்க."

அந்த அம்மாள் சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தாள். பதினொரு மணிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஏரியில் சுருக்கம் விழவைத்துக்கொண்டு வந்தது. நேஷாவின் தோள்கள் தாமாகவே அதற்கு எதிராகச் சாய்ந்தன. மத்யாஷ் அவள் கையைப் பிடித்து, பேருந்து நிற்கும் பக்கம் திருப்பினான்.