கம்பெனி பஸ்ஸில் சொன்ன கதை

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட் ஷஹீன் பானுவுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். முந்தின நாள் சீரியலை அவள் சொன்னால்தான் பஸ்ஸுக்குப் பொழுது போகும். ஓவர்டைம் முடிந்து வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு எட்டரை மணி சீரியல் ஏது? ஷஹீனுக்குச் சமைத்துப் போட மாமியார் இருந்தார், கொடுத்து வைத்தவள். அரை மணி எபிசோடை நாற்பது நிமிஷம் சொல்வாள். மிச்சப் பத்து நிமிஷம் சொந்தச் சரக்கு.

அந்த வாரம் சீரியலில் நிலவழகி என்ற ப்ளஸ் டூ பெண் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் படுத்தே கிடந்தாள். செவ்வாய்க்கிழமை சாகத் துணிந்துவிட்டாள். எப்படி என்று காட்டவே இல்லை. அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தாள். திரைக்குக் கீழே 14416 என்று உதவி எண் ஓடியது. ஷஹீனுக்கு எரிச்சல். இத்தனை சப்பென்று இருப்பதை பஸ்ஸில் எப்படிச் சொல்வது?

புதன் காலை அவளே இட்டுக்கட்டினாள். பெண்ணைச் சாகடித்தாள். செத்த விதத்தை விலாவாரியாகச் சொன்னாள். நாலு பக்கக் கடிதம் எழுதவைத்தாள். திட்டிய அப்பாவையும் கேலி செய்த தோழிகளையும் அவள் காலடியில் விழுந்து கதறவிட்டாள். பஸ்ஸே மூக்கைச் சிந்தியது.

கடைசி சீட்டில் தமிழினி. பதினெட்டு வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். காதில் எப்போதும் இயர்போன். அன்று அதைக் கழற்றியிருந்தாள். இறங்கும்போது பக்கத்தில் வந்தாள். பஸ்ஸில் எல்லோருக்கும் ஷஹீன் 'ஆபா', அதாவது அக்கா.

"ஆபா, செத்தப்புறம் எல்லாருமே அழுதாங்களா? அவங்கப்பா கூடவா?"

"பொரண்டு பொரண்டு அழுதாரு, கண்ணு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஷஹீன் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குத்தான் உறைத்தது. அந்தப் பெண் ஒரு மாதமாக டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். அவள் எதற்காகக் கேட்டாள்? செத்தால் எல்லோரும் மதிப்பார்கள் என்று சீரியல் சொல்லவில்லை. சொன்னது தன் வாய்.

டீ பெல் அடித்ததும் ஓடினாள்.

"காலைல நான் சொன்னது பொய், தமிழினி. அந்தப் பொண்ணு சாகவே இல்ல. நான்தான் மசாலா சேத்தேன்."

"சரி ஆபா." பெண் தரையையே பார்த்தாள்.

கேட்டால், இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று ஷஹீனுக்குப் பயம். ஆனால் சீரியலில் டாக்டரம்மா நிலவழகியின் அம்மாவிடம், "கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது, நேராவே கேளுங்க" என்று சொல்லியிருந்தார். போரடிக்கும் என்று ஷஹீன் வெட்டி எறிந்த காட்சி அது.

"உனக்குச் செத்துடலாம்னு தோணுதா?"

வேலைக்குத் திரும்பச் சொல்லி பெல் அடித்தது. ஷஹீன் நகரவில்லை.

"தோணுது ஆபா. தெனமும்."

ஷஹீனுக்கு அறிவுரை எதுவும் வாயில் வரவில்லை, நல்லவேளை. "நான் கூட இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று சீரியலில் ஓடிய 14416-க்குப் போன் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே வந்த சூப்பர்வைசர் நிசார் அஹமது, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். தகவல் கிடைத்ததும் தமிழினியின் அம்மா செல்லம்மாள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். அன்று மத்தியானமே மூவரும் வேலூரில் மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஷஹீன் எழுந்து நின்றாள். "நேத்து சொன்னது என் கட்டுக்கதை. அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா, டாக்டர்கிட்ட போறா."

"இன்னா ஆபா, சும்மாவே அழவெச்சிட்டியே!" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். தமிழினியைப் பற்றி மூச்சு விடவில்லை. அதன்பின் மாத்திரை, டாக்டர் காட்சிகளை வெட்டாமல் சொன்னாள். யாரும் தூங்கிவிடவில்லை என்பதில் அவளுக்கே ஆச்சரியம்.

மூன்று வாரம் கழித்துத் தமிழினி வேலைக்குத் திரும்பினாள். டாக்டரிடம் போவது நிற்கவில்லை. சில நாள் கலகலவென்று பேசுவாள். சில நாள் வாயே திறக்க மாட்டாள். அப்படி ஒரு நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஷஹீன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னிக்குத் தோணுதா?"

தமிழினி கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னிக்கு இல்ல ஆபா. நேத்து நிலவழகி பரீட்சைக்குப் போனாளா இல்லியா? அத்த மொதல்ல சொல்லு."