பஞ்சு இருமலும் என் இருமலும்

மாத்திரையைப் பாதியில் விட்டவள் என்று என்னைச் சொன்னவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காசநோய்க்கு ஆறு மாதம் ஒரு வேளை விடாமல் விழுங்கினேன். சிறுநீர் செம்மண் தண்ணீராகப் போனது, வயிற்றைப் புரட்டியது, அப்போதும் விழுங்கினேன். நோய் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தது. அவ்வளவுதான். நான் மாத்திரையைச் சாக்கடையில் போட்டதைக் கண்ணால் பார்த்தவர் போல மாமியார் தெருவெல்லாம் பேசினார். என் சின்ன மகளை ராசிபுரத்தில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நான் ஒழுங்காக மருந்து தின்று காட்டினால்தான் பிள்ளை இந்த வீட்டுக்கு வருமாம். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

அந்த மனுஷரும் இருமிக்கொண்டுதான் இருந்தார். எனக்கு மறுபடி வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே. பள்ளிபாளையத்தில் ஒரே பட்டறையில் இரண்டு பேரும் விசைத்தறி ஓட்டினோம். காற்றடித்தால் நூல் அறும் என்று அங்கே ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். உள்ளே பஞ்சு பறக்கும், எல்லோரும் இருமுவார்கள், அதற்குப் பஞ்சு இருமல் என்று பெயர். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு தறிக்குப் போய்விடுவார்கள். அவர் இருமினால் பஞ்சு, வெல்லம். நான் இருமினால் நோய், திமிர். டெஸ்ட் எடுங்கள் என்று அவரிடம் எத்தனையோ தடவை கெஞ்சினேன். தறி நின்றுவிடுமாம்.

கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் வீட்டில் எல்லோரும் சோதனைக்கு வர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் காசநோய். முதல் தடவை என் சளியில் எடுத்து வளர்த்த கிருமியை ஆராய்ச்சிக்காக உறைய வைத்திருந்தார்களாம். அதையும், எனக்கு இப்போது வந்ததையும், அவருடையதையும் மரபணுவை வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த முடிவு வருவதற்குள் எனக்கு மருந்து பிடித்து, சளியில் கிருமி வருவது நின்றுவிட்டது.

என்னையும் அவரையும் மாமியாரையும் உட்கார வைத்து டாக்டரம்மா விளக்கினார். மனிதருக்குக் கைரேகை மாதிரி கிருமிக்கும் மரபணுவில் அடையாளம் உண்டு, பழைய கிருமியே திரும்பியிருந்தால் அதே அடையாளம் இருந்திருக்கும் என்றார்.

"இவங்களுக்கு இப்ப இருக்கறது பழசு இல்லீங்க. இது புதுசா தொத்துனது. உங்க பையனுக்கு இருக்கறதும் இதே கிருமிதான்."

மாமியார் யோசிக்கக்கூட இல்லை. "அப்ப இவதானுங்களே எம்பையனுக்கு ஒட்ட வெச்சுட்டா?"

யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ரேகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, யாருக்கு முதலில் இருமல் வந்தது என்று கேட்டார் டாக்டரம்மா. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மாமியார் சுவரைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"நீங்களே சொல்லுங்க மாமா. மொதல்ல யாருக்கு இருமல்?"

அவர் தொண்டையைச் செருமினார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், நான் ஒரு பைத்தியக்காரி.

"ஏனுங்க டாக்டர், நான் எப்பங்க தறிக்குப் போலாம்?" என்றார்.

நான் அங்கிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ராசிபுரம் பஸ் ஏறினேன்.