பிரகாசம் வாத்தியாரின் எக்ஸெஸிவ்

சனிக்கிழமை காலையில் ஆனி கரிப்பெட்டியைச் சூடாக்கிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகன் வால்டரின் சட்டைகள், மூன்று. ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தவன். ஜப்பான்காரன் உள்ளே நுழைந்ததிலிருந்து, ஒன்றே முக்கால் வருஷமாக, அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. யாரும் உடுத்தாத சட்டைகளை அவள் வாராவாரம் துவைத்து மடித்து வைத்தாள்.

"எக்ஸெஸிவ்" என்றார் அவள் கணவர் பிரகாசம்.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். பையன்களின் கட்டுரையில் வர்ணனை அளவுக்கு மீறி நீண்டால் ஓரத்தில் சிவப்பு மையில் அந்த ஒரு வார்த்தையை எழுதுவார். ஓய்வு பெற்றபின் கட்டுரைகள் போயின, வார்த்தை வீட்டோடு தங்கிவிட்டது. ரசத்தில் புளி, பங்குச் சாமியாரின் பிரசங்கம், ஐப்பசி மழை, எல்லாமே எக்ஸெஸிவ். பக்கத்து வீட்டுக் கைசர் ஜஹான் பெருநாளுக்குப் பிரியாணி கொண்டுவரும்போது, நெய் எக்ஸெஸிவா என்று வாத்தியாரைக் கேட்டுச் சொல்லும்படி ஆனியைச் சீண்டுவாள். அவரும் அப்படியே சொல்வார், சட்டியையும் வழித்துவிடுவார்.

கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு குடும்பமும் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுக்கும். அந்த வருஷம், 1943இல், பிரகாசம் தம் அப்பா, அம்மா பெயருக்குக் கீழே வால்டர் என்று எழுதினார். இதற்குமேல் காத்திருப்பதுதான் வரம்பு மீறியது என்று அவருக்குப் பட்டது.

சீட்டைப் பார்த்த ஆனி அழவில்லை. "சட்ட தொவைக்கிறது எக்ஸெஸிவ்னா இதுக்கு இன்னா பேரு?" என்றாள்.

கோயில் உபதேசியார் கனகராஜுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், கல்லறைத் தோட்டத்தில் பெயர்களை வாசிக்கும் வேலை பிரகாசத்திடம் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே விளக்கணைத்த இருட்டடிப்புக் காலம், பொழுது சாய்வதற்குள் மெழுகுவர்த்திகளை அணைத்தாக வேண்டும். சாமியார் வேகமாக வாசிக்கச் சொன்னார். பிரகாசத்துக்கு வரவில்லை. வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல், ஒரு பெயர் சொன்னதும் தலையைத் தூக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, பிறகுதான் அடுத்த பெயருக்குப் போனார். நிறுத்திய இடங்களில் காற்று மட்டும் கேட்டது.

"வால்டர்" என்றார். தலையைத் தூக்கினார்.

"பிரசென்ட் சார்."

கடைசி வரிசைக்கு அப்பாலிருந்து, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் வந்தது. அப்பாவின் வகுப்பிலேயே படித்த வால்டர் நான்கு வருஷம் தினமும் அப்படிச் சொன்ன குரல். அங்கே யாரும் நிற்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை, ஆனியைத் தவிர. பிரகாசம் கையிலிருந்த பென்சிலால் வகுப்புக்கு வந்தவனுக்குப் போடுவதுபோல் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, அடுத்ததை வாசித்தார்.

வீட்டுக்கு வந்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க கோடு போட்டத நான் பாத்தேன்" என்றாள் ஆனி. "உயிரோட கீறவன் எதுக்குங்க கல்லறைலேர்ந்து பேசணும்?"

பிரகாசம் எழுந்து, நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, கூடத்தை விட்டு வெளியே போனார்.