லொறி வருமுன் போகும் பஸ்

எங்கள் நண்டு பதனிடும் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள் கொக்கிளாய் மீனவர் வீட்டுப் பிள்ளை. நண்டின் தரம் பார்க்கப் பழகினால் வேலை கிடைக்கும் என்று சேர்த்தவன் நான். ஆனால் நண்டு லொறி பின்னேரம்தான் வரும். அதற்குள் அவளுடைய ஊருக்கான கடைசி பஸ் போய்விடும். பகலெல்லாம் வெறும் பெட்டிகளில் லேபல் ஒட்டினாள்.

"அப்பா பிடிக்கிற நண்டு இஞ்சை வரேக்கை நான் அங்கை போய்ச் சேந்திடுவன், சேர்," என்று சிரித்தாள்.

வாகனம் கேட்டேன், பயிலுநருக்குக் கிடையாது என்றார் முகாமையாளர். தங்குவதற்கு அறை பார்த்தேன், தகப்பன் சம்மதிக்கவில்லை.

கடைசி நாள் அவளுடைய சான்றிதழை எழுத உட்கார்ந்தேன்.

"தரம் பாக்கத் தெரியுமெண்டு போடுவியளோ, சேர்?"

"பழகேல்லையே, பிள்ளை."

"ஓம். அப்ப லேபல் ஒட்டுவன் எண்டாவது போடுங்கோ."

அதைத்தான் எழுதினேன்.