சுடிக்கு அனுப்பிய பத்து

மேஜுமாவுக்குப் பயம் புதிதல்ல. பாம்பென்றால் பயம், கூட்டத்தில் எழுந்து பேசப் பயம், நீச்சல் தெரியாததால் இடுப்புக்கு மேல் ஏறும் தண்ணீர் என்றால் உயிரே போய்விடும். அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் கடலோர அலையாத்திக் காவலர் சங்கம் தலைவியாக்கியது. பதினான்கு வருடம் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைமைக்கு அது போதும் என்று எல்லோரும் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பழைய தலைவர் ம்வாரண்டானிக்கு எழுத்து வராது. பத்தொன்பது வருடம் சங்கத்தை வாயாலும் கையாலுமே நடத்தினார். நாளைக்குப் படகு எப்போது வர வேண்டும் என்று கேட்டால் மணி சொல்ல மாட்டார். வானத்தில் கையை நீட்டி, சூரியன் நிற்கப்போகும் இடத்தைக் காட்டுவார். கண்ணில் புரை விழுந்து மொம்பாசாவில் மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது மேஜுமா அவரிடம் போய் நின்றாள்.

"பெரியவரே, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்? தினமும் பயந்துக்கிட்டேதான் கையை நீட்டினேன். நடுங்குறது தெரியக்கூடாதுன்னு வெடுக்குன்னு இறக்கிடுவேன்" என்று சிரித்தார். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டாள்.

முதல் வேலை, உப்பங்கழிக்கு அப்பால் இருக்கும் சேற்றுத் திட்டில் அலையாத்திக் கன்று நடுவது. கடல் ஓதம் வற்றியிருக்கும்போது படகு கொண்டுபோய் இறக்கிவிடும். தண்ணீர் ஏறுவதற்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். மேஜுமா கையை நீட்டுகிற ஆளில்லை. எல்லாம் முறைப்படி இருக்கட்டும் என்று கைபேசியில் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று கணக்கு வந்தது.

மொம்பாசாப் பக்கத்து எங்கள் பேச்சில் மணி சூரியனோடு தொடங்கும். விடிந்து ஒரு மணி நேரமானால் ஒன்று. கைபேசி பத்து காட்டினால் எங்களுக்கு நாலு. நடை பழகும்போதே பழகிவிடுகிற கணக்கு அது. சங்கத்துப் பெண்களிடம் வாயால் சொல்லும்போது அவள் சரியாக, "நாலு மணிக்குத் திரும்பிடலாம்" என்றாள். படகுக்காரன் சுடிக்குச் செய்தி அனுப்பும்போது மட்டும், கண் முன்னால் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினாள்: "விடியும்போது இறக்கிவிடு. 10 மணிக்கு வந்து ஏற்றிக்கொள்." முத்து முத்தான பத்து.

மறுநாள் விடியலில் சுடி இறக்கிவிட்டது பதினோரு பெண்களை, அவளோடு பன்னிரண்டு. பாதித் திட்டு நட்டு முடிக்கும்போது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. உப்பங்கழி படகில்லாமல் வெறிச்சென்று கிடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"சுடி எங்கயாவது கள்ளு குடிச்சுட்டுக் கவுந்து கெடப்பான்" என்றாள் சௌமு. சங்கத்திலேயே பெரிய வாய் அவளுடையது. "வரட்டும், துடுப்பைப் பிடுங்கி முதுகுல ரெண்டு வைக்கிறேன்."

கூப்பிடலாம் என்று மேஜுமா கைபேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. நேற்று அனுப்பிய செய்திதான் கண்ணில் பட்டது. பத்து. எங்கள் பத்து மணி என்றால் சூரியன் மேற்கே சாயும் நேரம், இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. யாரிடமும் காட்டாமல் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மரத்துக்குப் போங்க" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "எல்லாரும் மரத்துக்கு!"

திட்டின் பின்பக்கம் சங்கம் முன்பு நட்ட அலையாத்தி மரங்கள் வளர்ந்து நின்றன. பெண்கள் வேர்களைப் பற்றி ஏறினார்கள். நியாம்வுலாவால் மட்டும் முடியவில்லை. அறுபது வயது, வீங்கிய முழங்கால். சௌமு மேலிருந்து இழுக்க, மேஜுமா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளை முதுகில் தாங்கித் தூக்கினாள். அலை மார்பில் அடித்தபோது தன் மூன்று பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். இடுப்புத் துணிகளை அவிழ்த்து முடிச்சுப் போட்டு நியாம்வுலாவை அடிமரத்தோடு கட்டினார்கள். கடைசியாக ஏறிய மேஜுமா கிளையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

உச்சி வெயிலில் தண்ணீர் நியாம்வுலாவின் பாதத்தை நனைத்து நின்றது. அவள் பிரார்த்தனையை நிறுத்தவே இல்லை. மற்றவர்கள் சுடியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொரு வசவும் மேஜுமாவின் காதில் விழுந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் இந்த மரத்திலிருந்தே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தாள்.

தண்ணீர் பாதி வடிந்த பிறகு சுடி பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். மரமெல்லாம் பெண்கள் தொங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன தலைவி, குரங்குக் கூட்டமாட்டம்? பத்து மணின்னீங்க, டாண்ணு வந்துட்டேன். ஒரு நிமிஷம் பிந்தல!"

அவன் மேல் எறிய மரத்திலிருந்து இறங்கிச் சௌமு வேரடியில் அள்ளிய சேறு பாதி வழியில் நின்றது. எல்லோரும் மேஜுமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் மேல தப்பில்ல. கைபேசி மணியை அப்படியே எழுதி அனுப்பிட்டேன். காலையிலயே தெரிஞ்சுபோச்சு, சொல்லப் பயமா இருந்துச்சு. வேற யாரையாவது தலைவியா வச்சுக்கங்க" என்றாள்.

எல்லோரும் இறங்கிப் படகில் ஏறினார்கள். சௌமு கையிலிருந்த சேற்றைப் பார்த்தாள், பிறகு அதை மேஜுமாவின் கன்னத்தில் நிதானமாக அப்பினாள். நியாம்வுலா ஊறிச் சுருங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னும் பாதித் திட்டு கெடக்கே. நாளைக்குப் படகு எப்ப வரணும், தலைவி?"

மேஜுமாவின் கை கைபேசிக்குப் போனது. அது தண்ணீர் குடித்துச் செத்திருந்தது. ஓதம் நாளைக்கு இன்றைவிடச் சற்றுத் தாமதமாக ஏறும். அவள் கிழக்கே கையை நீட்டினாள். விரல் வெடவெடவென்று ஆடியது.

"ஏன்டி, நாளைக்குச் சூரியன் அங்க நின்னு ஆடிக்கிட்டா இருக்கும்?" என்றாள் சௌமு.

படகே சிரித்தது. மேஜுமாவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சுடி நன்றாகப் பார்த்துத் தலையாட்டும்வரை அவள் கையை இறக்கவில்லை.