எழுத்துக்குச் சொந்தக்காரர்

திருநெல்வேலி டவுனில் அச்சகம் வைத்திருந்த காசிலிங்கத்துக்கு எழுத்து என்றால் ஈய அச்சு. மற்றவர்களுக்கு அது மனசில் உதிப்பது. அவருக்கு மரப்பெட்டியில் அறை அறையாகப் பிரித்துப் போட்டிருப்பது. யார் என்ன கேட்டாலும் "எழுத்து எனக்குச் சொந்தம் வே" என்பார். மனுஷனுக்கு அப்படியொரு தெனாவட்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முக்கூடல் தமிழ் வாத்தியார் அம்மையப்பன், தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதி அவரிடம் அச்சடித்துப் போனார். நல்ல பாட்டு. காசிலிங்கம் கோத்த எழுத்தைக் கலைக்காமல் நூல் சுற்றிக் கட்டி வைத்தார். மாப்பிள்ளை பெண் பெயரை மட்டும் மாற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே அடித்துக் கொடுத்தார். அம்மையப்பன் பெயர் இருந்த இடத்தில் 'இங்ஙனம், நண்பர்கள்' என்று வந்தது.

ஒரு கல்யாணப் பந்தியில் தன் பாட்டே தன் கைக்கு வர, வாத்தியார் இலையை மூடிவிட்டு நேரே அச்சகத்துக்கு வந்தார்.

"அடியில எம் பேரையாவது போடும் வே. அது என் எழுத்து."

"ஒம்ம எழுத்தா? ஈயம் நான் வாங்குனது, மை நான் வாங்குனது, தாளும் நான் வாங்குனது. இதுல ஒம்ம எழுத்து எங்கன இருக்கு? தொட்டுக் காட்டும்."

இலக்கணம் படித்த மனிதர், எதைத் தொடுவார்? ஊருக்குப் பஸ் ஏறினார்.

தொண்ணூற்றாறில் ஜங்ஷனில் வன்னியராஜ் ஆப்செட் அச்சகம் போட்டான். அதே வாழ்த்துப்பா ரோஜாப்பூவோடு கலரில் வந்தது. முகூர்த்தக் கூட்டம் மொத்தமும் அங்கே திரும்பிவிட்டது. கல்யாண மாசங்களை நம்பியே பிழைத்த காசிலிங்கம் அந்த வாழ்த்தில் ஒன்றைத் தேடி வாங்கினார். தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். 'வாழ்க'வில் ழகரத்தின் கால் உடைந்திருந்தது. சந்தேகமே இல்லை, அவருடைய ழகரம்.

"ஏலே, இது என் எழுத்து. கால் ஒடஞ்ச ழானாவைப் பாரு" என்று வன்னியராஜிடம் போய்க் கத்தினார்.

"அந்த ழானா ஒங்க பெட்டியிலதான அண்ணாச்சி கெடக்கு? எனக்குக் கல்யாண வீட்டுல குடுத்த தாளை நான் போட்டோ புடிச்சேன். போய்ப் பாருங்க, எழுத்து களவு போயிருந்தா வாங்க."

போய்ப் பார்த்தார். ழகரம் நூல் சுற்றிய கட்டுக்குள் சமர்த்தாகக் கிடந்தது.

மறுநாளே முக்கூடலுக்குப் போனார்.

"அது ஒம்ம பாட்டு, அடிக்காதேன்னு அந்த வன்னியராஜ்ட்ட ஒரு வார்த்தை சொல்லும் வே."

"என் பாட்டா? யாரு சொன்னா?" என்றார் அம்மையப்பன்.

"நான் சொல்லுதேன்."

"வாயால சொன்னா எப்படி? தொட்டுக் காட்டணும்லா? அச்சடிச்சுத் தாரும்."

வேறு வழியில்லை. காசிலிங்கம் அந்தக் கட்டைப் பிரித்து, தன் கையாலேயே கோத்து அடித்துக் கொடுத்தார்: 'இது அம்மையப்பன் எழுதிய வாழ்த்து.' கால் உடைந்த ழகரம் அதிலும் விழுந்திருந்தது.

வாத்தியார் அந்தத் தாளோடு ஜங்ஷனுக்குப் போனார். வன்னியராஜ் படித்தான், கும்பிட்டான். "ஒங்க பேரைப் போட்டா நான் அடிக்கலாமா சார்?" என்றான்.

"தாராளமா அடி" என்றார். இத்தனை வருஷமாக அவர் கேட்டது அது ஒன்றுதானே.

அடுத்த முகூர்த்தத்து வாழ்த்தில் ரோஜாப்பூவுக்குக் கீழே காசிலிங்கம் கோத்த வரி அப்படியே இருந்தது, கால் உடைந்த ழகரத்தோடு. அவர் அச்சகத்துக்குத் திரும்பி ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூடக் களவு போகவில்லை.