கல் போகும் ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். கல்தூசி படிந்து வெளுத்த புருவம். இராஜபாளையம் பக்கத்துக் குவாரியிலிருந்து கடற்கரைக்குப் பாறை கொண்டுபோகிற லாரி டிரைவர். லாரியின் முன்டயரில் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் டீயைத் தொட்டார்.

“கரைய கடல் தின்னுது தம்பி. இந்தக் கல்லக் கடலுக்குள்ள நீட்டமாப் போடுதாவ. மணல் நின்னுரும்,” என்றார் பெருமையாக.

புவியியல் படிக்கிறவன் வாய் சும்மா இருக்குமா? பெஞ்சில் டீயைத் தொட்டுப் படமே வரைந்துவிட்டேன். “அலை மணலை வடக்க தள்ளிக்கிட்டே போகும்ண்ணே. இங்க மறிச்சா வடக்கூருக்கு மணல் வராது. அங்க கரை அரிச்சிரும்.”

டம்ளரைக் கீழே வைத்தார். “வடக்கூர்லதான தம்பி எங்கக்கா இருக்காவ. வாசல்லருந்து பத்து எட்டு வச்சா கடலு.”

உடனே போனை எடுத்தார். “யக்கா, உங்க ஊருக்கும் கல்லு வேணும்னு கலெக்டர்ட்ட மனு குடுங்க. நானே லோடு கொண்டாரேன்.”

அக்கா ஊருக்கும் வடக்கே ஓர் ஊர் உண்டு. சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பெஞ்சில் வரைந்த படத்தைத் துடைத்துவிட்டேன்.

அந்த மூன்றாவது ஊரில் எந்த அக்காவின் தம்பி லாரி ஓட்டுகிறானோ, தெரியவில்லை.